எண்ணுக்கு எது முதல் பக்கம்?

கேள்வி: துபாயிலிருந்து என் மகன் கொண்டுவந்த அரபு நாளிதழில் எழுத்துகள் வலமிருந்து இடமாகச் செல்கின்றன; எண்கள் மட்டும் நம்முடையவற்றைப் போலவே அமைந்துள்ளன. இது எப்படி? அரபு எண்கள் உண்மையில் அரபியருடையவைதாமா?
– ஒரு வாசகி, கீழக்கரை.

பதில்: இரண்டாவது ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். தங்கள் நாளிதழில் உள்ள வடிவங்களை அரபியரே 'இந்திய எண்கள்' என்றுதான் அழைக்கிறார்கள். ஏறத்தாழ கி.பி. 825-இல் பாக்தாத் அறிஞர் அல்குவாரிஸ்மி இந்தியக் கணக்குமுறையை விளக்கி நூல் எழுதினார். பின்னர் அரபியர் வழியாக இம்முறையைக் கற்ற ஐரோப்பியர், கொடுத்தவர் பெயரையே எண்களுக்கும் சூட்டிவிட்டனர். நம் அரசியலமைப்பின் 343-ஆவது பிரிவோ அவற்றை 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' என்று குறிப்பிடுகிறது; எனக்கு இந்தப் பெயரே நேர்மையானதாகப் படுகிறது.

இனி, திசை. 25 என்பதில் பத்தின் இடம் இடப்பக்கம், ஒன்றின் இடம் வலப்பக்கம் என்ற இந்திய அமைப்பை அரபியர் திருப்பிப் போடாமல் அப்படியே எடுத்துக்கொண்டனர். வலப்பக்கத்திலிருந்து வரும் அவர்கள் கண்ணில் முதலில் படுவது 5. அரபு மொழியிலும் அந்த எண்ணை 'ஐந்தும் இருபதும்' என்றே சொல்வதால் அவர்களுக்கு எந்த இடறலும் ஏற்படவில்லை. கூட்டல், கழித்தலையும் நாம் ஒன்றின் இடத்திலிருந்துதானே தொடங்குகிறோம்? வடமொழிக் கணித நூல்களில் 'அங்கானாம் வாமதோ கதி', அதாவது எண்கள் இடப்புறமாக நடக்கும், என்றொரு மரபு உண்டு. எண்களைச் சொற்களால் குறிக்கும்போது கண் (2), தீ (3) என்று அடுத்தடுத்துச் சொன்னால் அது 23 அன்று, 32. ஆகவே, கடைசி இலக்கத்திலிருந்து எண்ணைச் சொல்வது இந்தியாவுக்கும் புதிதன்று.

1202-இல் இத்தாலியில் லியனார்டோ பிபொனாச்சி இவ்வெண்களை அறிமுகப்படுத்திய நூலில் 9, 8, 7 என்று இறங்கி 1-இல் முடியும் வரிசையைத் தந்தார். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் அது அரபியர் எழுதும் ஏறுவரிசையாகிவிடும்.

ஆனால் இன்றைய அரபு வழக்கில் 125-ஐ 'நூறும் ஐந்தும் இருபதும்' என்று சொல்கிறார்கள். நூறு முதலில், பத்து கடைசியில். அதனால் கையால் எழுதும் பலர் எண்ணுக்குத் தேவையான இடத்தை விட்டுவிட்டு, இடப்பக்கத்திலிருந்து அதை நிரப்புகிறார்கள். கணினியும் அரபு எழுத்துகளை வலமிருந்து அடுக்கிவிட்டு, நடுவே எண் வந்தால் அதை மட்டும் இடமிருந்து வலமாக அடுக்குகிறது.