புலி முகம், இதய முத்திரை: ஏலத் துப்பாக்கியை நம்பலாமா?

பர்கூர் அருகிலிருந்து ஒரு வாசகர் படங்களுடன் எழுதியிருக்கிறார். இணைய ஏலம் ஒன்றுக்குப் பழைய சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி வந்திருக்கிறது. பக்கத் தகட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இதய முத்திரை. குழலின் மேல் திப்பு சுல்தானின் சின்னமான புலி முகம், அதனடியில் அரபி எண்களில் ஒரு வருடம். உருது தெரிந்த நண்பர் அதை 1206 என்று வாசித்தாராம். பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ‘கிருஷ்ணகிரி கோட்டையில் கைப்பற்றியது, 1791’ என்று செதுக்கியிருக்கிறது. ஆரம்ப விலை 1,80,000 ரூபாய். 20,000 முன்பணம் கொடுத்தால் வேறு யார் கைக்கும் போகாமல் பார்த்துக்கொள்வதாகவும், நூறு வருடம் தாண்டிய பொருள் என்பதால் உரிமம் தேவையில்லை என்றும் தரகர் ஒருவர் சொல்கிறார். முத்திரைகள் உண்மையா, வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம். முன்பணமும் கொடுக்க வேண்டாம்.

செதுக்கிய வாசகத்திலிருந்தே தொடங்குவோம். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற கம்பெனித் தளபதி, திப்புவின் கையிலிருந்த கிருஷ்ணகிரியைத் தாக்கினார். மலையடிவாரப் பேட்டை அவர் கைக்கு வந்தது; மேல்கோட்டை வரவில்லை. ஏற முயன்ற படை இழப்போடு திரும்பியது. கோட்டையும் அதைச் சுற்றிய பாரமகால் பகுதியும் கம்பெனிக்குக் கிடைத்தது 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால்தான். கைப்பற்றாத கோட்டையில் கைப்பற்றிய துப்பாக்கி எங்கிருந்து வரும்? எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். அக்காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் நம் ஊர்ப் பெயரைக் ‘கிஸ்ட்னகெரி’ என்று ஒலிக்கும்படி எழுதினார்கள். உங்கள் துப்பாக்கியில் இருப்பதோ இன்றைய ஊர்ப் பெயர்ப் பலகையில் காணும் கூட்டல்.

அடுத்து அந்த 1206. கி.பி. 1791ஐ இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரிக்கு மாற்றினால் 1206 வரும். செதுக்கியவர் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். ஆனால் திப்பு சுல்தான் அப்போது ஹிஜ்ரியை விட்டுவிட்டார். மௌலூதி என்று தனி ஆண்டுக் கணக்கை அவரே கொண்டுவந்தார். அவருடைய காசுகளில் ஹிஜ்ரி 1200 வரை இருக்கும். அதன் பிறகு நேராக மௌலூதி 1215க்குத் தாவிவிடும். இடைப்பட்ட எண்கள் கிடையாது. போதாததற்கு மௌலூதி எண்களை வலமிருந்து இடமாக எழுதினார்கள். 1218 என்பது வழக்கமாக வாசிப்பவர் கண்ணுக்கு 8121 என்று தெரியும். உங்கள் நண்பர் சிரமமில்லாமல் 1206 என்று வாசிக்க முடிந்ததே அது போலி என்பதற்குச் சாட்சி.

இதய முத்திரைக்கு வருகிறேன். நான்காகப் பிரித்த இதயம், உள்ளே கம்பெனியின் எழுத்துகள், தலைமேல் 4 போன்ற குறி: இது உண்மையிலேயே கம்பெனி பயன்படுத்தியதுதான். 1808 வாக்கில் இதை விட்டுவிட்டு, கிரீடம் தாங்கிய சிங்கத்துக்கு மாறினார்கள். ஆகவே வடிவத்தை வைத்து இங்கே முடிவு சொல்ல முடியாது. துருவைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தகடு முழுக்க அம்மைத் தழும்பு போல் துருக்குழிகள். முத்திரை முதலில் விழுந்து, துரு பிறகு வந்திருந்தால், குழி விழுந்த இடத்தில் கோடு அறுந்து போயிருக்கும். துரு இரும்பைத் தின்னும்போது கோட்டையும் சேர்த்தே தின்னும். உங்கள் படத்தில் இதயத்தின் கோடு குழிக்குள் இறங்கி, அதன் அடியில் ஓடி, மறுகரையில் ஏறிப் போகிறது. துருப்பிடித்த தகட்டின்மேல் பின்னாளில் யாரோ வெட்டியிருக்கிறார்கள். இதைக் காண பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பதே அதுதான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதனால் நல்ல துப்பாக்கிகளைப் போலி என்று ஒதுக்குகிறார்கள். இதய முத்திரை இருந்து, கல்லுக்குப் பதில் கேப், அதாவது தட்டினால் வெடிக்கும் சிறு மூடி, வைத்துச் சுடும் அமைப்பு இருந்தால் அது உடனே பொய்யாகிவிடாது. கேப் பரவலானது 1820களுக்குப் பிறகு. அப்போது பழைய கல் துப்பாக்கிகளைத் தூக்கி எறியாமல் மாற்றிக்கொண்டார்கள். விசையை இழுத்ததும் கல்லோடு பாயும் சுத்தியலான குதிரையைக் கழற்றி வேறு குதிரை போட்டார்கள். பற்றவைக்கும் மருந்தை வைக்கும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, நெருப்பு குழலுக்குள் போகும் தீத்துளையில் கேப் பொருத்தும் முளையைத் திருகினார்கள். அப்படி மாற்றியதில் அடையாளம் மிஞ்சும்: தகட்டில் கிண்ணமும் விசைவில்லும் இருந்த இடத்தில் அடைத்த திருகுத் துளைகள் தெரியும். தகட்டின் உட்புறத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். துளைகளே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அந்தத் தகடு என்றுமே கல் துப்பாக்கியில் இருந்ததில்லை. இதற்கு நேர்மாறான வேலையும் நடக்கிறது. கேப் துப்பாக்கியைத் திரும்பவும் கல் துப்பாக்கியாக்கி, வயதைக் கூட்டி விற்கிறார்கள். அப்போது குதிரை மட்டும் தகட்டைவிடப் புதிதாகத் தெரியும்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு துப்பாக்கி, எந்தக் கதையும் இல்லாத, நேர்மையான கம்பெனிச் சிப்பாய்த் துப்பாக்கி. அதன் குழலில் விலைக்காக யாரோ புலி வரி வெட்டியிருந்தார்கள். இருநூறு வருடம் தப்பி வந்த பொருளை ஒரு பகல் வேலையில் கெடுத்துவிட்டார்கள். 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் 1.4 கோடி பவுண்டுக்கு விலைபோனது. அன்றிலிருந்து தரகர்கள் காட்டும் எல்லா இரும்புக்கும் புலி முளைக்கிறது. ஏலக் குறிப்பின் அடியில் சிறிய எழுத்தில் ‘உள்ளது உள்ளபடியே விற்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் பொறுப்பு முழுவதும் உங்கள் தலைக்கு வந்துவிடுகிறது. ‘நிபுணர் சான்று’ என்று தரகர் காட்டும் தாளில் பெரும்பாலும் நீளம், எடை, பெயர் இருக்கும். எந்தச் சோதனை செய்தார்கள் என்பது இருக்காது.

உரிமம் பற்றித் தரகர் சொன்னது உங்களைச் சிறைக்கு அனுப்பக்கூடிய பொய். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது என்பது சரி. ஆனால் வாசகத்தைக் கடைசி வரை படியுங்கள்: பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். வயது மட்டும் காப்பாற்றாது. நம் பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். சுட முடியாது என்று யார் எழுதித் தர வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டியது, பதில் வர பதினொரு மாதம் ஆனது. முறையாக நடக்க நினைப்பவனை இப்படி அலைய விட்டால் அவன் தரகரிடம்தான் போவான். இன்னொன்று: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த பொருளை வியாபாரமாக விற்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணை அவரிடம் கேளுங்கள்.

இதற்குப் பிறகும் மனம் விடவில்லை என்றால், ஏலக்காரரிடம் இரண்டு படம் கேளுங்கள்: தகட்டைக் கழற்றி அதன் உட்புறம், கட்டையிலிருந்து குழலை எடுத்து அதன் அடிப்புறம். போலி முத்திரை வெட்டுபவர்கள் அங்கே துருவை வளர்ப்பதில்லை. குழலில் கிரீடத்தின் கீழ் B, P என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பர்மிங்ஹாம் சோதனைக்கூட முத்திரை. அந்தக் கூடம் 1813இல் வந்தது, திப்பு இறந்தது 1799இல். படம் அனுப்ப மறுத்தால் அந்த ஏலத்தை மறந்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே பழைய துப்பாக்கி ஏதேனும் இருந்தால், பூஜைப் பாத்திரத்துக்குப் போடும் புளியையோ உப்புத்தாளையோ அதன்மேல் வைக்காமல், முதலில் உரிமத்துக்கு வழி பாருங்கள்.