அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (‘அமெரிக்கன் ஃபுட்பால்’) டிக்கெட்டோடு ‘இருக்கை நன்கொடை’ ஏன் கேட்கிறார்கள்?

டிக்கெட் விலைக்கு மேல், நல்ல இடத்தில் உட்காரும் உரிமைக்காகப் பல்கலைக்கழக விளையாட்டு நிதிக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகைதான் இருக்கை நன்கொடை. பெயர்தான் நன்கொடை. பல மைதானங்களில் இதைக் கட்டாவிட்டால் நல்ல இடத்துக்கு சீசன் டிக்கெட்டே கிடையாது.

காரணம், ஒரு சீசனில் சொந்த மைதானத்தில் நடப்பதே ஆறேழு ஆட்டங்கள். முகூர்த்த நாட்களை நம்பி ஓடும் கல்யாண மண்டபம் மாதிரிதான்; அந்தச் சில நாட்களிலேயே ஆண்டுச் செலவை எடுத்தாக வேண்டும்.

இல்லினாய் மாநிலத்தின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். சுமார் 85 கோடி டாலர் மதிப்பிலான அதன் புதிய மைதானமான ரயன் ஃபீல்டில் ஏறக்குறைய 35,000 இருக்கைகள்தான்; இடித்த பழைய மைதானத்தில் 47,000க்கு மேல் இருந்தன. இடம் குறைந்தால் விலை ஏறாதா என்று ரசிகர்கள் சண்டை போடுவதில் நியாயம் இருக்கிறது. மைதானத்துக்குப் பெயர் தந்த ரயன் குடும்பம் பெரும் பணம் கொடுத்தும், ஆட்ட வருமானம் மட்டும் போதாதென்று இசைக் கச்சேரி நடத்தவும் பல்கலைக்கழகம் அனுமதி கேட்டது. அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், அப்புறம் 2023இல் மைதானம் இருக்கும் எவன்ஸ்டன் நகரின் மன்றம் ஒப்புக்கொண்டது.

நன்கொடைதானே, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். முன்பு 80 சதவீதம் வரை முடிந்தது, 2018 முதல் அதுவும் இல்லை.