நடந்தால் வழி தொலைகிறது என்றவருக்கு

புது ஊருக்கு வந்து மூணு வாரமாகியும் சுரங்க ரயிலை விட்டால் வழியே தெரியலைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ரயில் வரைபடத்தை வெச்சுத் தூரத்தைக் கணக்குப் போடாதீங்க, அது நிஜ அளவுல வரைஞ்சதில்லை. ரெண்டு நிலையம் தள்ளின்னு நினைக்கிறது சில சமயம் பத்து நிமிஷ நடைதான். வகுப்பு முடிஞ்சு வரும்போது ஒரு நிலையம் முன்னாடியே இறங்கிடுங்க.

ஆஃப்லைன் வரைபடம் இறக்கி வெச்சா டேட்டா இல்லாமலே ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனா உயரமான கட்டடங்களுக்கு நடுவுல நீங்க நிக்கிற இடத்தைக் காட்டுற நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். பதறாம முனைக்கு வந்து தெருப் பலகையைப் பாருங்க.

முக்கியமா, போகும்போதே ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒருதரம் பின்னாடி திரும்பிப் பாருங்க. வரும்போது தெரு வேற முகம் காட்டும். நான் அடையாளம் வெச்ச சிவப்புக் கதவு, திரும்பி வரப்போ ஒரு மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருந்துச்சு!