எடை குறைந்த பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு

மாதம் முந்திப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் பதில் சொல்கிறார்.

1,700 கிராமில் பிறந்த மகன். தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டச் சொல்கிறார் மாமியார். செய்யலாமா?
– தாய், பாம்பன்

எடை 2 கிலோவைத் தாண்டட்டும், அதுவரை வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகை எப்போதும் வேண்டாம், அந்த நுரையீரல் தாங்காது. இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. நமக்குப் புழுக்கமாக இருக்கும்போதே அதற்குக் குளிரும். வாடைக்காற்று வீசினால் கேட்கவே வேண்டாம். வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் பிள்ளை குளிரில் தவிக்கிறது. இரண்டுமே சில்லென்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரி. தெர்மாமீட்டரில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல மருந்து உங்கள் நெஞ்சுதான். தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, மார்போடு நிமிர்த்தி அணைத்துத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கங்காரு பராமரிப்பு என்பார்கள். இன்குபேட்டர் போதாத கொலம்பியாவில் 1978 வாக்கில் தொடங்கியது; இன்று உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. உங்களுக்கு அலுத்தால் அப்பாவிடம் கொடுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் சும்மா இருப்பவருக்கு இதைவிட நல்ல வேலை இல்லை!

தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதே?
– தங்கச்சிமடம்

ஐந்து, பத்து விநாடி நின்று தானாக வந்தால் மாதம் முந்திய பிள்ளைகளுக்கு அது இயல்பு. 20 விநாடி நின்றாலோ, உதடு நீலமானாலோ ஆபத்து: உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள், 108-ஐ அழையுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது தப்பு. 60-க்கு மேல் போனால் திரும்ப எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தாலோ, விலா உள்ளே இழுத்தாலோ காத்திருக்காதீர்கள். பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர நேரமாகும். வழியிலும் பிள்ளை நெஞ்சோடு இருக்கட்டும்.

மஞ்சள் காமாலைக்குக் காலை வெயில் போதுமா?
– பாட்டி, கீழக்கரை

போதாது. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

31 வாரத்தில் பிறந்தவள். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கண் பரிசோதனை அவசியமா?
– தொண்டி

கட்டாயம். விழித்திரையில் ரத்தநாளம் முழுதாக வளர்வதற்குள் பிறந்துவிட்டாள். அங்கே கோளாறு வந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும்போது பார்வை போயிருக்கும். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை, மிகச் சிறியவர்களுக்கு இன்னும் முன்னதாக. மருத்துவர் சொல்கிற மறு தேதியையும் விடாதீர்கள்.

சங்கில் சேனைத்தண்ணி கொடுக்கலாமா? வசம்பு?
– தேவிபட்டினம்

சங்கு நல்லது, சேனைத்தண்ணி வேண்டாம். உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சங்கில் கொடுங்கள், தலையைச் சற்று உயர்த்தி. வசம்பை உரைத்து நாக்கில் தடவ வேண்டாம். பெரியவர்கள் விடவில்லை என்றால் வாசல் நிலையில் கட்டச் சொல்லுங்கள்.