திடீர் நெருக்கடியில் பாடினால் மனம் அடங்குவது ஏன்?

பயத்தில் மூச்சு மேலோட்டமாகி நெஞ்சு படபடக்கும். ஒரு அடியைப் பாடி முடிக்க மூச்சை நீளமாக விட்டாக வேண்டும். அப்போது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. சேர்ந்து பாடுவோரின் துடிப்பு ஒன்றுபோல ஏறி இறங்குவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? அப்பா ஐசியூவில் இருந்த இரவு, அம்மா வராந்தா பெஞ்சில் முந்தானையைக் கையில் சுருட்டியபடி அப்பர் தேவாரத்தை முணுமுணுத்தார். முதல் பாட்டில் குரல் நடுங்கியது. நாலாவதில் நடுக்கம் போய்விட்டது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், பாடியே கரையேறினார் என்கிறது பெரியபுராணம். கடலூர்ப் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் இடம் இருக்கிறது. அம்மா சிறுவயதிலிருந்து அதை முழுசாக நம்பியவர். விடியும் முன்பே, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணும் மெல்லச் சேர்ந்து பாடினார்.