கையில் எவ்வளவு இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறையில், நீங்கள் அவ்வப்போது சொல்லும் படங்களைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். ‘காக்கா முட்டை’ எல்லோருக்கும் பிடித்தது. ‘96’ பார்த்து என் மனைவி அழுதாள். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ பாதிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. ‘வீடு’ படத்தில் தூங்கிவிட்டேன். ஆனால் என் அப்பா ரிட்டயர்டு கொத்தனார், எந்தப் படத்தையும் அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்காதவர், அதை மட்டும் கடைசிவரை எழுந்திருக்காமல் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு தடவை, “சிமெண்டுல கை வைக்கிறான் பாரு” என்றார். எதுவுமே நடக்காத படத்தில் அவர் அப்படி எதைப் பார்த்தார்? மெதுவாகப் போனால்தான் நல்ல படமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

மெதுவாகப் போவது ஒரு படத்துக்குப் பெருமையே கிடையாது. நகரவே நகராத மோசமான படங்களும் உண்டு. உங்கள் அப்பா அந்தப் படத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

1988இல் வந்த ‘வீடு’ படத்தில் சுதா மாதச் சம்பளக்காரி. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் சொந்தமாகக் கட்டத் துணிகிறாள். அந்தக் கணத்திலிருந்து அவளிடம் எவ்வளவு இருக்கிறது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். காண்ட்ராக்டர் சிமெண்டை வெளியே விற்கிறான் என்று சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும்போது, திருடு போவது சுதாவின் எத்தனை மாதச் சம்பளம் என்று மனசு கூட்டிப் பார்க்கிறது. கொத்து வேலை பார்த்தவருக்கு அந்த இடத்தில் எப்படித் தூக்கம் வரும்? சண்டைக்காட்சியில் வராத பதற்றம் அதில் உண்டு. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத அந்த வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகும் காட்சியைத் தயவுசெய்து மறுபடி பாருங்கள். பேச்சே கிடையாது. இளையராஜாவின் இசையோடு, பூசாத சுவர்களுக்கு நடுவே ஒரு கிழவர் நடக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சுவர் எழும்ப என்ன பாடு பட்டார்கள் என்று தெரிந்தவருக்கு அங்கே தொண்டை அடைத்துக்கொள்ளும். பாலு மகேந்திராவின் படங்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை.

இத்தாலியில் 1948இல் டி சிகா எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்திலும் இதே கணக்குத்தான். ஒருவனுக்கு வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும், சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளை உருவி மூட்டை கட்டி அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறாள். கடை ஆள் அதை வாங்கிக்கொண்டு உயரமான அலமாரியில் ஏறுகிறான். அங்கே அதே மாதிரி மூட்டைகள் அடுக்கடுக்காக, கூரைவரைக்கும். ஊரே விரிப்பில்லாமல் படுக்கிறது என்பதை ஒரு வசனம் இல்லாமல் சொல்லிவிடுகிறார். பிறகு சைக்கிளும் திருடு போய், அப்பாவும் பையனும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, கிடைத்திருக்க வேண்டிய சம்பளத்தைக் காகிதத்தில் கூட்டுகிறார்கள். பக்கத்து மேஜையில் ஒரு பணக்காரப் பையன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அந்தக் கூட்டலைப் போல என்னை உலுக்கிய காட்சிகள் குறைவு.

‘காக்கா முட்டை’ உங்களுக்குப் பிடித்ததற்கும் இதுதான் காரணம் என்பேன். சேரிப் பையன்கள் இரண்டு பேர் தண்டவாளத்தோரம் நிலக்கரி பொறுக்கிச் சேர்க்கும் ஒவ்வொரு ரூபாயும் பீட்சாவை நோக்கிப் போகிறது. நீங்களும் கூடவே எண்ணினீர்கள், அதனால் நேரம் போனது தெரியவில்லை. நோட்டீஸைப் பார்த்துப் பார்த்து ஆயா தோசைமாவில் பீட்சா சுடும் இடம் ஒன்று போதும், மணிகண்டன் எப்பேர்ப்பட்ட இயக்குநர் என்று சொல்ல.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ தொடக்கத்தில் பொறுமை கேட்கும், உண்மைதான். ஆனால் சொந்த நிலம் வாங்க ஆசைப்படும் கூலித் தொழிலாளி ரங்கசாமி தலைச்சுமையாகக் கொண்டுவரும் ஏலக்காய் மூட்டை கைநழுவி மலைச்சரிவில் உருண்டு சிதறும்போது, போவது மூட்டை மட்டுமா? அவன் வாங்க நினைத்த நிலமும் கூடவே உருண்டு போகிறது. அவ்வளவு தூரம் அவனோடு நடந்திருந்தால்தான் அந்த இடம் வலிக்கும். நீங்கள் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று தெரியவில்லை. கடைசிக் காட்சியைப் பார்க்காமல் விட்டிருந்தால் படத்தையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

‘96’ வேறு வகை. காசுக்கு அதில் இடமில்லை, இருக்கவும் வேண்டாம். கரண்ட் போன இருட்டில் ஜானு ‘யமுனை ஆற்றிலே’ பாடும் இடத்துக்காக மட்டுமே இன்னொரு முறை பார்ப்பேன். அவளுடைய பள்ளிக்காலக் காதலன் ராமை இவ்வளவு அப்பழுக்கில்லாதவனாக ஆக்கியிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

‘வீடு’ படத்தை இந்த முறை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் யார் ஏமாற்றுகிறார்கள், எதற்கு எவ்வளவு ஆகும் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வதை முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.