சுவர்ல இருந்த உயிர் கேன்வாஸ்ல வரலைன்னா

கிருஷ்ணகிரியில பள்ளிச் சுவர், பாலத் தூண்னு வரைஞ்சுட்டு, இப்ப வீட்டுல கேன்வாஸ் போட்டா படம் சவசவன்னு இருக்குன்னு கேட்டிருந்தீங்க. சிக்கல் கற்பனையில இல்லைங்க, கையில. தோளிலிருந்து கோடு இழுத்துப் பழகின ஆளு, சின்னத் துணியில மணிக்கட்டை மட்டும் ஆட்டுறீங்க. கொஞ்ச நாள் ஈசல் (கேன்வாஸை நிறுத்தி வைக்கிற தாங்கி) வேண்டாம். நாலடித் துணியைச் சுவர்லயே ஆணியடிச்சு, நின்னுக்கிட்டு, அகலப் பிரஷ்ல வரைங்க.

சுவர் வேலையில மிச்சமான எமல்ஷன் பெயிண்டைத் துணியில பூசாதீங்க, சுருட்டினா விரிசல் விடலாம். ஜெஸ்ஸோ (துணிக்கு முதல்ல அடிக்கிற வெள்ளைப் பூச்சு) ரெண்டு கோட்டு, காய்ஞ்சதும் லேசா உப்புத்தாள், அப்புறம் அக்ரிலிக் வண்ணம்.

எதை வரையறது? பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறை ஓவியத்தைப் போய்ப் பாருங்க. வெள்ளை ஒண்ணுதான் நிறம். குதிரைமேல ஆளு, கையில ஆயுதம். நிழல் கிடையாது, பளபளப்பு கிடையாது, ஆனா சண்டை தெரியுது. நாம சுவர்ல எல்லாத்தையும் கொட்டுறோம் (ரோட்டுல போறவர் திரும்பிப் பாக்கணுமே!). ஸ்டுடியோவுல அந்தக் கட்டாயம் இல்ல. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துல நடுகற்கள் இருக்கு. வீரன் உடம்பு வளையறதைப் பென்சில்ல பிடிங்க, போட்டோவோட திரும்பிடாதீங்க.

விலையைச் சதுர அடிக் கணக்குல சொல்லாதீங்க, அது சுவருக்கு. சுவர் வேலையையும் இப்பவே விட்டுடாதீங்க, கேன்வாஸ் விக்க நாளாகும்.